விநாடிகளை எங்கே விடுவது?

(மழைக்காலத்தில் டிரையத்லான் என்ற பொருளில் சென்னையில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



2012 ஆகஸ்ட் 4, லண்டன் ஹைட் பார்க். ஒலிம்பிக் போட்டியில் பெண்களுக்கான டிரையத்லான். காலையில் பெய்த மழையில் சாலை நனைந்து கிடந்தது. ஏறத்தாழ இரண்டு மணி நேரம் நீந்தி, சைக்கிள் ஓட்டி, ஓடி முடித்த பிறகு சுவிட்சர்லாந்தின் நிக்கோலா ஸ்பிரிக்கும் சுவீடனின் லிசா நோர்டேனும் ஒன்றாகக் கோட்டைத் தொட்டார்கள். இருவருக்கும் 1 மணி 59 நிமிடம் 48 விநாடி. புகைப்படத்தைப் பார்த்துத்தான் ஸ்பிரிக்குக்குத் தங்கம் என்று முடிவு செய்தார்கள். அதே காலையில், அதே ஈரச் சாலையில், பெர்முடா என்ற சின்னஞ்சிறு தீவிலிருந்து வந்த ஃபுளோரா டஃபி சைக்கிளோடு விழுந்தார். எழுந்தார், மறுபடி ஏறினார், போட்டியை முடித்தார். 45ஆவது இடம்.

இந்த இரண்டு செய்திகளையும் அருகருகே வைத்துத்தான் இன்றைக்குப் பேசப்போகிறேன். ஒரு பக்கம், ஒரு விநாடியின் சிறு துண்டு தங்கத்தையும் வெள்ளியையும் பிரிக்கிறது. இன்னொரு பக்கம், ஒரே ஒரு வளைவில் விநாடியை மிச்சம் பிடிக்கப் பார்த்தால் மொத்தப் போட்டியும் போய்விடுகிறது. மழை நாளில் குறுந்தூர டிரையத்லானில் இறங்குகிற ஒவ்வொருவரும் இந்த இரண்டுக்கும் நடுவில்தான் ஓடுகிறோம். எந்த இடத்தில் விநாடிகளை மனமார விட்டுக்கொடுப்பது, எந்த இடத்தில் விடாமல் பிடிப்பது என்று தெரிந்துகொள்வதுதான் இந்த ஆட்டத்தின் உயிர்நாடி என்பது என் கருத்து.

புதியவர்களுக்காக ஒரு வார்த்தை. டிரையத்லானில் பல தூரங்கள் உண்டு. ஒலிம்பிக் தூரம் என்பது 1.5 கிலோமீட்டர் நீச்சல், 40 கிலோமீட்டர் சைக்கிள், 10 கிலோமீட்டர் ஓட்டம். அதில் சரிபாதி ஸ்பிரிண்ட்: 750 மீட்டர், 20 கிலோமீட்டர், 5 கிலோமீட்டர். இந்த இரண்டையும் சேர்த்துத்தான் குறுந்தூரம் என்கிறோம். ‘அயர்ன்மேன்’ என்ற நெடுந்தூரப் போட்டியின் பெயர் நம் ஊரில் பரவிய அளவுக்குக் குறுந்தூரம் பரவவில்லை. ஆனால் இந்த விளையாட்டு குறுந்தூரத்தில்தான் பிறந்தது. 1974 செப்டம்பர் 25, ஒரு புதன்கிழமை மாலை, அமெரிக்காவின் சான் டியேகோ நகரத்து மிஷன் பே கரையில் 46 பேர் கலந்துகொண்ட போட்டி அது. ஓட்டம் 6 மைல், சைக்கிள் 5 மைல், நீச்சல் 500 கெஜம், அவ்வளவுதான். பொழுது சாய்ந்துவிட்டதால் கடைசியாக நீந்தி வந்தவர்களுக்குக் கார்களின் முகப்பு விளக்கை ஏற்றி வழிகாட்டினார்களாம். அன்று கலந்துகொண்டவர்களில் ஒருவரான ஜான் காலின்ஸ்தான் பிறகு ஹவாய்க்குப் போய், 1978இல் அயர்ன்மேனைத் தொடங்கினார். அதன் இரண்டாம் ஆண்டே, 1979இல், வானிலை மோசமாகி, போட்டியை ஒரு நாள் தள்ளிவைத்தார்கள். மறுநாள் தொடங்கியவர்கள் 15 பேர் மட்டும். ஆக, வானத்தைப் பார்த்து முடிவெடுக்கும் பழக்கம் இந்த விளையாட்டுக்கு ஆரம்பத்திலிருந்தே உண்டு.

நெடுந்தூரப் போட்டியில் மழை வந்தால் மனிதர் தாமாகவே நிதானிப்பார். இன்னும் எட்டு மணி நேரம் இருக்கிறதே என்ற எண்ணமே வேகத்தைக் குறைத்துவிடும். குறுந்தூரத்தில் அந்தக் காப்பு கிடையாது. ஓரிரு மணி நேரத்தில் முடிந்துவிடும் ஆட்டம் என்பதால், போன விநாடியைத் திரும்பப் பிடிக்க இடமில்லை என்று உடம்பு முழுவதும் பதறுகிறது. அந்தப் பதற்றம் மழையைவிட ஆபத்தானது.

சைக்கிளிலிருந்து தொடங்குகிறேன். மழை நாளில் எலும்பு முறிவது அங்கேதான்.

மழை பெய்யத் தொடங்கும் முதல் சில நிமிடங்கள் மிக மோசமானவை. சாலையில் படிந்திருக்கும் எண்ணெயும் தூசியும் தண்ணீரோடு கலந்து வழுக்கும். நன்றாகக் கொட்டிக் கழுவிவிட்டால் ஓரளவு பிடிமானம் திரும்பும். ஆனால் வெள்ளைக் கோடு, ஜீப்ரா கிராசிங், பாதாளச் சாக்கடையின் இரும்பு மூடி, பாலங்களின் இணைப்பில் இருக்கும் இரும்புத் தகடு, இவை நனைந்திருக்கும் வரை வழுக்கிக்கொண்டேதான் இருக்கும். தேங்கிய தண்ணீருக்கு அடியில் பள்ளம் இருக்கிறதா என்பது நம் ஊர்ச் சாலையில் யாருக்கும் தெரியாது. அதனால் முந்தின நாளே அந்தப் பாதையில் ஒரு சுற்றுப் போய், பள்ளங்களைக் கண்ணால் பார்த்து மனத்தில் எழுதிக்கொள்வது அவசியம்.

ஈரச் சாலையில் சைக்கிள் விழுவது பெரும்பாலும் வளைவுக்குள் பிரேக் பிடிப்பதால். டயருக்குக் கிடைக்கும் பிடிமானம் ஓர் அளவுக்குத்தான். திரும்புவதற்கும் நிற்பதற்கும் அந்த ஒரே பிடிமானத்தைத்தான் பங்கு போட வேண்டும். சாலை நனையும்போது அந்த மொத்தமே சுருங்கிவிடுகிறது. ஆகவே வளைவுக்கு முன்பே, சைக்கிள் நேராக நிமிர்ந்திருக்கும்போதே, வேகத்தைக் குறைத்துவிட வேண்டும். வளைவுக்குள் பிரேக்கைத் தொடக் கூடாது. வெளிப்பக்கத்துக் காலைக் கீழே இறக்கி, எடையை அதன்மேல் வைத்து, நிறைகுடம் சுமப்பவர் திரும்புவதுபோல் திரும்ப வேண்டும். நிமிர்ந்த பிறகு மிதிக்கலாம். ரிம்மைப் பிடிக்கும் பழைய வகைப் பிரேக் வைத்திருப்பவர்கள் இன்னொன்றை நினைவில் கொள்ளுங்கள். முதலில் அந்தக் கட்டை ரிம்மில் இருக்கும் தண்ணீரைத் துடைக்கும், அதன் பிறகுதான் வண்டியைப் பிடிக்கும். டிஸ்க் பிரேக்கில் இந்தத் தாமதம் குறைவு. டயரில் வழக்கமாக ஏற்றும் காற்றை 5 முதல் 10 பி.எஸ்.ஐ. வரை குறைத்துக்கொண்டால் சாலையோடு ஒட்டும் பரப்புச் சற்றுக் கூடும்.

இப்படித் திரும்பினால் ஒரு வளைவுக்கு இரண்டு விநாடி போகும் என்று வைத்துக்கொள்வோம். பத்து வளைவுகளுக்கு இருபது விநாடி. இந்த இருபது விநாடியைக் கணக்கில் எழுதிவிட்டுத்தான் சைக்கிளில் ஏற வேண்டும் என்று என்னிடம் பயிற்சிக்கு வருபவர்களிடம் சொல்லிக்கொண்டே இருக்கிறேன். போட்டிக்கு முன்பே கொடுத்துவிட்ட விநாடிக்காக யாரும் போட்டிக்குள் பதற மாட்டார்கள்.

இனி டஃபியிடம் திரும்புவோம். லண்டனில் விழுந்தாரே, அவர் அடுத்து வந்த ஆண்டுகளில் என்ன செய்தார் என்பது எனக்கு மிகவும் பிடித்த கதை. அவர் காட்டுப் பாதைகளுக்குப் போனார். எக்ஸ்டெர்ரா என்று ஒரு டிரையத்லான் வகை உண்டு. அதில் தார்ச் சாலையே கிடையாது. சேறு, வேர், கல், சரிவு இவற்றின் வழியே மலைச் சைக்கிள் ஓட்ட வேண்டும். அதில் 2014இல் தொடங்கிப் பலமுறை உலகச் சாம்பியன் ஆனார். சேற்றில் சைக்கிள் நழுவுவதையும், நழுவும் சைக்கிளை உடம்பால் பிடித்து நிறுத்துவதையும் ஆயிரம் முறை செய்து பார்த்த ஒருவருக்கு ஈரச் சாலை அச்சுறுத்தலாக இருக்காது.

2021 ஜூலை 27, டோக்கியோவின் ஒடைபா கடற்கரை. நெபார்டாக் புயல் ஜப்பானை நெருங்கிக்கொண்டிருந்தது. மழையால் போட்டி 15 நிமிடம் தாமதமாகத் தொடங்கியது. சாலை ஈரம், விழுந்தவர்கள் உண்டு. நீச்சலிலிருந்து முன்னணியில் வெளிவந்த ஒரு சிறு குழு சைக்கிளில் தனியே பிரிந்து போனது, டஃபி அதில் ஒருவர். பெரிய கூட்டத்துக்கு நடுவே மாட்டிக்கொண்டால் முன்னால் போகும் சைக்கிளின் சக்கரத்திலிருந்து தெறிக்கும் தண்ணீர் கண்ணை மறைக்கும், முன்னால் இருப்பவர் விழுந்தால் ஒதுங்க இடமிருக்காது. சிறு குழுவில் ஒவ்வொருவரும் தாம் விரும்பும் கோட்டில் வளைவை எடுக்கலாம். நீச்சலில் சேர்த்த விநாடிகள் சைக்கிளில் பாதுகாப்பாக மாறியது எப்படி என்று பாருங்கள். ஓட்டத்தில் அவர் எல்லோரையும் விட்டு விலகி, 1 மணி 55 நிமிடம் 36 விநாடியில் முடித்தார். பெர்முடாவுக்கு ஒலிம்பிக்கில் அதுதான் முதல் தங்கம். வெள்ளி வென்ற பிரிட்டனின் ஜார்ஜியா டெய்லர்-பிரவுனுக்குச் சைக்கிளின் கடைசிப் பகுதியில் டயர் பஞ்சர். இறங்கி நின்று கலங்காமல் அப்படியே ஓட்டிவந்து, இழந்த இடத்தை ஓட்டத்தில் மீட்டார். அந்த வெள்ளியைத் தங்கத்துக்குச் சமமாகவே நான் மதிக்கிறேன்.

மழை மட்டுமா, காற்றும் உண்டு. காற்றைப் பற்றி நம்மில் பலர் வைத்திருக்கும் ஒரு தவறான எண்ணத்தைத் திருத்த வேண்டும். போகும்போது எதிர்க்காற்று என்றால் வரும்போது பின்காற்று, இரண்டும் சரியாகிவிடும் என்பார்கள். சரியாகாது. 20 கிலோமீட்டரை மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் ஓட்டினால் 40 நிமிடம். எதிர்க்காற்றில் முதல் 10 கிலோமீட்டரை 20 வேகத்தில் ஓட்டி, பின்காற்றில் அடுத்த 10 கிலோமீட்டரை 40 வேகத்தில் ஓட்டினால் 30 நிமிடமும் 15 நிமிடமும் சேர்ந்து 45 நிமிடம். எதிர்க்காற்றிலேயே அதிக நேரம் இருக்கிறோம், அதுதான் காரணம். காற்றின் தடையோ வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப ஏறுகிறது. 30 வேகத்தில் போகும் ஒருவர் முகத்தில் 20 வேகக் காற்று மோதினால், காற்றுத் தடை ஏறத்தாழ 2.8 மடங்கு. அங்கே போய் வேகத்தைக் காப்பாற்ற முயல்பவர் ஓட்டத்தில் நடக்க வேண்டியிருக்கும். எதிர்க்காற்றில் வேகமானியைப் பார்க்காதீர்கள். மூச்சு எப்படி இருக்கிறது என்று மட்டும் பாருங்கள்.

பக்கக் காற்று இன்னொரு வகை. நம் கிழக்குக் கடற்கரைச் சாலையில் சைக்கிள் ஓட்டுபவர்களுக்குத் தெரியும். சுற்றுச்சுவர்களும் சவுக்குத் தோப்பும் மறைத்துக்கொண்டே வரும். திடீரென்று ஒரு திறந்தவெளி வரும்போது கடற்காற்று பக்கவாட்டில் அறையும். அகலமான பக்கச்சுவர் கொண்ட கார்பன் சக்கரம் அந்த அடியை அப்படியே வாங்கி, கைப்பிடியைத் திருப்பிவிடும். அயர்ன்மேன் உலகப் போட்டி நடக்கும் ஹவாயின் கோனாவில் முழுத் தட்டுச் சக்கரத்துக்கே நீண்ட காலம் தடை இருந்தது, காற்றுதான் காரணம். காற்றடிக்கும் நாளில் சாதாரணச் சக்கரத்தைப் போட்டுக்கொள்ளுங்கள். சில விநாடிகள் போகும், போகட்டும்.

கடலுக்கு வருகிறேன். இங்கே என் குரல் மாறினால் பொறுத்துக்கொள்ளுங்கள். சைக்கிளில் விழுந்தால் தோல் போகும், எலும்பு போகும். தண்ணீரில் போவது உயிர்.

அமெரிக்காவில் 1985 முதல் 2016 வரை நடந்த டிரையத்லான்களை ஆராய்ந்து 2017இல் வெளியான ஒரு மருத்துவ ஆய்வு இருக்கிறது. திடீர் மரணம், இதயத் துடிப்பு நின்று மீட்கப்பட்டது, விபத்து மரணம் என்று மொத்தம் 135 நிகழ்வுகள். அவற்றில் 90 நீச்சலின்போது நடந்தவை. நம் தலைப்புக்கு நேராகப் பொருந்தும் இன்னொரு முடிவும் அதில் இருக்கிறது. குறுந்தூரப் போட்டியிலும் நெடுந்தூரப் போட்டியிலும் இந்த ஆபத்தின் விகிதம் ஏறத்தாழ ஒன்றே. ‘750 மீட்டர்தானே’ என்று சொல்லிக்கொண்டு இறங்குபவர்கள் இதைக் கேட்க வேண்டும். நீச்சல் குளத்தில் முப்பது முறை நீளவாக்கில் போய்வந்த தெம்பு, அலையடிக்கும் கடலில் முதல் நூறு மீட்டரிலேயே கரைந்துபோகலாம். கூட்டமாகக் குதிக்கிறோம், யாரோ முகத்தில் உதைக்கிறார்கள், மூச்சு வாங்கத் தலையைத் திருப்பும் கணத்தில் அலை வாயில் அடிக்கிறது. அப்போது வரும் திகிலை வீரத்தால் வெல்ல முடியாது. பழக்கத்தால் வெல்லலாம்.

முதலில் கரையில் நின்று கடலைப் பாருங்கள். அலை எங்கே உடைகிறது, எத்தனை அலைக்குப் பிறகு ஓர் இடைவெளி வருகிறது என்று பாருங்கள். நம் கரையோர நீரோட்டம் தென்மேற்குப் பருவத்தில் வடக்கு நோக்கியும் வடகிழக்குப் பருவத்தில் தெற்கு நோக்கியும் ஓடும். ஆனால் அன்றைய நாளின் நிலை வேறாக இருக்கலாம். அங்கே வலை பிரித்துக்கொண்டிருக்கும் மீனவரிடம் போய், “அண்ணே, இன்னைக்கு நீவாடு எந்தப் பக்கம் இழுக்குது?” என்று கேளுங்கள். நீரோட்டத்தைத்தான் அவர்கள் நீவாடு என்பார்கள். எந்தக் கைப்பேசிச் செயலியும் சொல்லாத பதில் கிடைக்கும். இழுப்பு தெற்கே என்றால் மிதவையைக் குறிவைத்து நேராக நீந்தாதீர்கள். அதற்குச் சற்று வடக்கே குறிவையுங்கள். கடலே உங்களை மிதவைக்குக் கொண்டுவரும்.

உடையும் அலையை எதிர்த்து நிற்கக் கூடாது. இடுப்பளவு ஆழத்தில் அலை வரும்போது அதன் அடியில் மூழ்கி, மணலைக் கையால் பற்றி, அது தலைக்கு மேல் போன பிறகு எழ வேண்டும். அலை வலப்பக்கமிருந்து வந்தால் இடப்பக்கம் மூச்செடுக்க வேண்டும். அதற்கு இரண்டு பக்கமும் மூச்செடுக்கப் பழகியிருக்க வேண்டும். தலை தூக்கி மிதவையைப் பார்ப்பதை அலையின் முகட்டில் செய்யுங்கள், பள்ளத்தில் இருக்கும்போது தண்ணீர்தான் தெரியும். மூச்சு முட்டினால் மல்லாந்து மிதந்து கையை உயர்த்துங்கள். மீட்புப் படகையோ மிதவையையோ பிடித்துக்கொண்டு ஓய்வெடுக்க விதி இடம் தருகிறது. அதைப் பிடித்துக்கொண்டு முன்னேறக் கூடாது, அவ்வளவுதான். இந்த விதியே பலருக்குத் தெரிவதில்லை. தெரியாமல் மானத்துக்காகப் போராடுகிறார்கள். முப்பது விநாடி அந்தப் படகைப் பிடித்துக்கொண்டு மூச்சுவிடுங்கள். நான் விட்டுக்கொடுக்கச் சொல்லும் விநாடிகளில் மிக உயர்ந்தவை அவை.

ஓட்டத்தைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. மழையில் ஓடுவது பெரும்பாலும் சுகம். காலடியைக் குறுக்குங்கள், திருப்பங்களில் பார்த்து அடிவைத்து ஓடுங்கள், நனைந்த காலுறை தோலை உரிக்கும் இடங்களில் முன்பே வாசலீன் தடவுங்கள். நீங்கள் மற்ற இடங்களில் விட்ட விநாடிகளைத் தைரியமாகத் திரும்பப் பிடிக்க வேண்டிய இடம் இது.

வீரர் எடுக்கும் முடிவுகளைப் பேசினோம். போட்டியை நடத்துபவர் எடுக்கும் முடிவு ஒன்று இருக்கிறது. 2024 பாரிஸ் ஒலிம்பிக்கின் தொடக்க விழாவன்று கொட்டிய மழை எல்லோருக்கும் நினைவிருக்கும். பாரிஸின் பழைய பகுதிகளில் மழைநீரும் சாக்கடையும் ஒரே குழாயில் ஓடுகின்றன. பெருமழை பெய்தால் குழாய் நிரம்பிச் சென் நதியில் வழியும். 1923 முதல் பொதுமக்கள் குளிக்கத் தடை இருந்த நதி அது. 140 கோடி யூரோ செலவழித்துத் தூய்மைப்படுத்தினார்கள், ஆஸ்டர்லிட்ஸ் அருகே 50,000 கன மீட்டர் மழைநீரைப் பிடித்துவைக்கும் நிலத்தடித் தொட்டி கட்டினார்கள். அப்படியும் மழை வென்றது. நதியில் நடக்கவிருந்த பயிற்சி நீச்சல்கள் ரத்தாயின. ஜூலை 30 அன்று நடக்க வேண்டிய ஆண்கள் போட்டியை, அன்று விடியற்காலையில், மறுநாளுக்குத் தள்ளிவைத்தார்கள். உலகமே பார்த்துக்கொண்டிருந்தது. தொலைக்காட்சி நிறுவனங்கள் காத்திருந்தன. வீரர்களில் பலர் கோபப்பட்டார்கள். பல ஆண்டு உழைப்பை ஒரு காலைக்குத் தயார்செய்து வைத்திருப்பவரின் கோபம் நியாயமானது. என்றாலும் தள்ளிவைத்தது சரி என்றே நினைக்கிறேன். 100 மில்லிலிட்டரில் ஈ.கோலை பாக்டீரியா 1,000 வரை இருக்கலாம் என்று ஓர் எல்லை வகுத்துவிட்டு, ஒலிம்பிக் என்பதற்காக அதைத் தாண்டினால் அந்த எல்லைக்குப் பொருளில்லை.

மறுநாள் காலை பெண்கள் போட்டி. இரவு மழையில் கல் பாவிய சாலைகள் பளபளத்தன. சைக்கிள் திருப்பங்களில் ஒருவர் பின் ஒருவராக விழுந்தார்கள். பிரான்சின் கசாந்த்ரே போகிராண் சொந்த நாட்டு மக்கள் முன்னிலையில் தங்கம் வென்றார். இரண்டாவதாக வந்த சுவிட்சர்லாந்தின் ஜூலி டெரோன் ஆறு விநாடி பின்தங்கியிருந்தார். பிறகு நடந்த ஆண்கள் போட்டியில் நியூசிலாந்தின் ஹேடன் வைல்ட் முன்னணியில் ஓடிக்கொண்டிருக்க, பிரிட்டனின் அலெக்ஸ் யீ கடைசிச் சில நூறு மீட்டரில் அவரைத் தாண்டினார். அங்கும் இடைவெளி ஆறு விநாடிதான்.

நமக்குப் பாரிஸ் தூரத்து ஊர் கிடையாது. மழை பெய்த மறுநாள் பட்டினப்பாக்கத்துக்கும் பெசன்ட் நகருக்கும் நடுவே அடையாறு கடலில் சேரும் இடத்தைப் போய்ப் பாருங்கள். கூவம் சேரும் இடத்தைப் பாருங்கள். அந்தத் தண்ணீரில் நம் பிள்ளைகளை நீந்தவிட முடியுமா? மழைக்காலத்தில் இந்தக் கரையில் போட்டி நடத்த நினைப்பவர்கள் நீரைச் சோதித்து, முடிவை எல்லோரும் பார்க்கும்படி ஒட்ட வேண்டும். இடி கேட்டால் அத்தனை பேரையும் நீரிலிருந்து வெளியேற்ற வேண்டும். கடைசி இடிக்குப் பிறகு 30 நிமிடம் காத்திருக்க வேண்டும். நீச்சல் முடியாது என்றால் டுயத்லானாக, அதாவது ஓட்டம், சைக்கிள், மறுபடி ஓட்டம் என்று மாற்றலாம். 2023இல் பாரிஸ் முன்னோட்டப் போட்டியில் ஆண்களும் பெண்களும் ஒரே அணியாக இறங்கும் கலப்புத் தொடர் ஆட்டத்தை அப்படித்தான் மாற்றினார்கள். அதில் குறைவு ஒன்றும் இல்லை.

இங்கே அமைப்பாளர்கள் ரத்து என்று சொல்ல அஞ்சுவதன் காரணம் எனக்குப் புரிகிறது. பணம் கட்டியவர்கள் சண்டைக்கு வருவார்கள். கோயம்புத்தூரிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் சைக்கிளை ரயிலில் ஏற்றிக்கொண்டு வந்தவர்கள் இருப்பார்கள். ஆகவே மழைக்கான மாற்றுத் திட்டத்தைப் பதிவுப் படிவத்திலேயே எழுதிவிட வேண்டும்: எந்த நிலையில் நீச்சல் குறையும், எந்த நிலையில் நிற்கும், பணம் எவ்வளவு திரும்பும். முன்பே தெரிந்திருந்தால் கரையில் வாக்குவாதம் வராது. இந்த அவையில் அமைப்பாளர்கள் சிலர் அமர்ந்திருப்பதால் இதை வேண்டுகோளாகவே வைக்கிறேன். எத்தனை பேர் நீரில் இறங்கினார்கள், எத்தனை பேர் ஏறினார்கள் என்ற கணக்கை எழுதுவதற்கென்றே ஒருவரை நிறுத்துங்கள். அவருக்கு வேறு வேலை எதுவும் கொடுக்காதீர்கள்.

வடகிழக்குப் பருவமழை தொடங்கப்போகிறது. ஈரத்தில் திரும்பப் பழகுவதற்கு இதைவிட நல்ல காலம் கிடையாது. வரும் ஞாயிறு காலை ஐந்தரை மணிக்கு, வண்டி போகாத ஒரு மைதானத்தில், கூம்புகளை நட்டு வளைவுப் பயிற்சி வைத்திருக்கிறோம். எந்தச் சைக்கிளானாலும் கொண்டுவரலாம், ஹெல்மெட் கட்டாயம். முழங்கைக்கும் முழங்காலுக்கும் உறை போட்டுக்கொண்டு வாருங்கள், நிச்சயம் விழுவீர்கள். மழை பெய்தாலும் பயிற்சி உண்டு. இடி இடித்தால் மட்டும் வீட்டிலேயே இருங்கள், அடுத்த ஞாயிறு பார்த்துக்கொள்ளலாம். இடத்தின் விவரம் வாசலில் இருக்கும் மேசையில் கிடைக்கும்.